விருதுக்காக நான் கட்டிய 22,800 ரூபாய்

போன மாதம், என்னிடம் எம்.எஸ்சி. படித்துவிட்டு இப்போது பி.எச்டி. சேர்ந்திருக்கும் ஒரு பெண் கல்லூரிக்கு வந்திருந்தாள். போனை நீட்டி, "மேடம், எனக்கு இளம் ஆய்வாளர் விருது கொடுக்கிறாங்களாம். நாளைக்குள்ள பணம் கட்டிடணுமாம். கட்டட்டுமா?" என்று கேட்டாள். அந்த மின்னஞ்சலின் முதல் நான்கு வரியைப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அமைப்பின் பெயர் வேறு, ஊர் வேறு. ஆனால் 2019 பிப்ரவரியில் எனக்கு வந்ததும் ஏறக்குறைய இதே வரிகள்தான். ஆறு வருடமாக வீட்டுக்கு வெளியே யாரிடமும் முழுதாகச் சொல்லாத கதை இது. அன்றைக்கு எனக்கு யாராவது சொல்லியிருந்தால் என்று எத்தனையோ இரவு நினைத்திருக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

எனக்குக் கடலூர் முதுநகர். அப்பா துறைமுகத்துப் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்குப் பார்த்தவர். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். 2016ல் காலாப்பட்டில் இருக்கும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் பி.எச்டி. சேர்ந்தேன். முதுநகரிலிருந்து திருப்பாதிரிப்புலியூர், அங்கிருந்து புதுச்சேரி, அங்கிருந்து காலாப்பட்டு என்று தினமும் மூன்று பஸ். தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் பெல்லோஷிப் (ஆய்வு உதவித்தொகை) கிடைக்காதவர்களுக்கு மத்தியப் பல்கலைக்கழகங்களில் தரும் மாதம் 8,000 ரூபாய்தான் எனக்கு. ஆய்வு, தேங்காய்த்திட்டு அலையாத்திக் காட்டுச் சேற்றில் வாழும் சின்ன நண்டுகளைப் பற்றியது. ஆணுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்பு அளவுக்குப் பெரிதாக இருக்கும், பார்த்திருப்பீர்கள். அவை தோண்டும் வளைகள் வழியாகத்தான் அந்த இறுகிய சேற்றுக்குள் காற்று போகிறது. தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துப் போய், ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் பி.வி.சி. குழாய்ச் சட்டத்தைச் சேற்றில் போட்டு, உள்ளே எத்தனை வளை என்று எண்ணுவேன். முழங்கால் வரை சேறு, கொசு, சிப்பி கிழித்த கால். 2018 ஜனவரியிலிருந்து பதினான்கு மாதம் அப்படிச் சேர்த்த தகவல்கள் என்னிடம் இருந்தன.

அப்போது இருந்த நிலைமையையும் சொல்ல வேண்டும். 2016ஆம் ஆண்டு யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிமுறைப்படி, தீசிஸ், அதாவது ஆய்வேடு, கொடுப்பதற்கு முன்னால் ஒரு கட்டுரையாவது நிபுணர்கள் பரிசீலித்து வெளியிடும் ஜர்னலில் (ஆய்விதழில்) வந்திருக்க வேண்டும். எந்த ஜர்னல் சரி, எது தப்பு என்பதில் ஒரே குழப்பம். 2018 மே மாதத்தில்தான் யு.ஜி.சி. தன் பட்டியலிலிருந்து 4,305 ஜர்னல்களை ஒரேயடியாக நீக்கியிருந்தது. எங்கள் லேபில் எல்லோருக்கும் 'பேப்பர், பேப்பர்' என்பதே பேச்சு. எனக்கு மூன்றாவது வருடம் முடியப்போகிறது, கையில் ஒரு பேப்பரும் இல்லை. என் ஆய்வுக்கு வழிகாட்டிய கைடு மேடம் நல்லவர், ஆனால் பாராட்டிப் பேசுகிறவர் இல்லை. திருத்திய தாளில் சிவப்பு மை மட்டும்தான் திரும்பி வரும். அந்த மூன்று வருடத்தில் என் வேலை நன்றாக இருக்கிறது என்று ஒரு ஆள்கூடச் சொன்னதில்லை. அந்த நேரத்தில்தான் 'தங்களின் ஒப்பற்ற ஆய்வுப் பணியை எங்கள் தேர்வுக் குழு கண்டறிந்து, சிறந்த இளம் ஆய்வாளர் விருதுக்குப் பரிந்துரைத்திருக்கிறது' என்று மின்னஞ்சல் வருகிறது. நான் பஸ்ஸில் இருந்தேன். தவளக்குப்பம் தாண்டும்போது படித்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எந்தப் பணியைக் கண்டறிந்தார்கள், நான்தான் இதுவரை ஒன்றுமே வெளியிடவில்லையே என்ற கேள்வி அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. இன்று யார் கேட்டாலும் அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்கச் சொல்கிறேன். உங்கள் வேலையில் எதைப் படித்தார்கள்? அதன் தலைப்பை அவர்களால் சொல்ல முடிகிறதா?

பணம் ஒரே தடவையில் போகவில்லை. மொத்தமாக 22,800 என்று முதலிலேயே கேட்டிருந்தால் பயந்து விட்டிருப்பேன். முதலில் விண்ணப்பப் பரிசீலனைக்கு 1,000 ரூபாய். நான்கே நாளில் 'தேர்வாகிவிட்டீர்கள்' என்று பதில், விழாப் பதிவுக்கு 7,500. கூகுள் பே எண் கொடுத்தார்கள், அதில் வந்தது ஒரு தனி ஆளின் பெயர். அதையும் பார்த்தேன், பார்த்தும் அனுப்பினேன். அப்புறம், விருது பெறுகிறவர்களின் கட்டுரை அவர்களுடைய சர்வதேச ஜர்னலில் வருவது கட்டாயம், அதற்கு 4,500. அந்த ஜர்னலின் இணையதளத்தில் யு.ஜி.சி. அங்கீகாரம் என்று போட்டிருந்தது, ஐ.எஸ்.எஸ்.என். எண் இருந்தது, இம்பாக்ட் ஃபேக்டர் என்று ஆறு புள்ளி சொச்சம் இருந்தது. பேப்பரும் ஆச்சு, விருதும் ஆச்சு என்று நினைத்தேன். அம்மாவின் மோதிரத்தை 15,000 ரூபாய்க்கு அடகு வைத்தோம். விழா வெளிமாநிலத்துப் பெருநகர் ஒன்றில். எனக்கும் அப்பாவுக்கும் ரயில், தங்கும் அறை எல்லாம் 5,200. கூட வருகிறவர் ஹாலுக்குள் வருவதற்கும் சாப்பாட்டுக்கும் 1,800. மேடையில் ஏற ஒரு புடவை, தையல்கூலியோடு 2,300. மேடையில் எடுத்த போட்டோவுக்குத் தனியாக 500.

ஏப்ரல் மாதம் விழா. விழுப்புரம் போய் ரயில் பிடித்தோம். அப்பா புது வேட்டி. ஹாலில் கால் வைத்ததும் எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. விருது வாங்க வந்தவர்கள் மட்டும் நூறு பேருக்கு மேல். சிறந்த முதல்வர், சிறந்த நூலகர், சிறந்த பெண் ஆளுமை, சிறந்த இளம் ஆய்வாளர். என் பிரிவிலேயே முப்பது, நாற்பது பேர். பெயரைக் கூப்பிடுவார்கள், மேலே ஏறி கேடயமும் சால்வையும் வாங்கி, கேமராவைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் இறங்க வேண்டும். ஒரு ஆளுக்கு இருபது விநாடிகூட இல்லை. என் ஆய்வு என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. கீழே வந்து சர்டிபிகேட்டைப் பார்த்தால், 'வேதியியல் துறையில் ஆற்றிய அரும்பணிக்காக' என்று இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனுடையதிலும் அதே வாசகம்தான், அவன் வணிகவியல். போய்ச் சொன்னேன். திருத்தி மென்பிரதி அனுப்புகிறோம் என்றார்கள். அப்பா கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். அவரிடம் எதுவும் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஊருக்கு வந்தால் தெருமுனையில் பிளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். சித்தப்பா ஏற்பாடு. என் போட்டோ, கேடயம், 'கடலூருக்குப் பெருமை சேர்த்த' என்று பெரிய எழுத்து. பஸ் ஏறப் போகும்போதெல்லாம் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். இருபது நாள் இருந்தது. அந்த இருபது நாளும் நான் தலையைக் குனிந்துகொண்டேதான் போனேன்.

ஜூன் மாதம் கைடு மேடம் கூப்பிட்டு அனுப்பினார். மேசை மேல் என் கட்டுரையின் பிரிண்ட் அவுட். "என்னம்மா இது? என் பேரை யாரைக் கேட்டுப் போட்டே?" நான் போடவில்லை. விண்ணப்பத்தில் கைடு பெயர் கேட்டிருந்தார்கள், கொடுத்திருந்தேன். அதை இரண்டாவது ஆசிரியராகச் சேர்த்து, அவருக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் வெளியிட்டுவிட்டார்கள். என் பெயரிலும் எழுத்துப் பிழை. கட்டுரை அனுப்பி ஒன்பதாவது நாளில் இணையத்தில் ஏறியிருக்கிறது. ஒருவரும் படித்துத் திருத்தியதாகத் தெரியவில்லை, நான் விட்டிருந்த தட்டச்சுப் பிழைகள்கூட அப்படியே இருந்தன. அந்தத் தகவல்களை வைத்து நல்ல ஜர்னல் ஒன்றுக்கு அனுப்ப மேடம் திட்டம் வைத்திருந்தார். ஒரு முறை எங்கேயோ வெளியான கட்டுரையைத் திரும்ப இன்னொரு ஜர்னலில் போட முடியாது, அது இரட்டை வெளியீடு, பெரிய தப்பு. அதாவது பதினான்கு மாதச் சேற்றை, என் தீசிஸின் நடு அத்தியாயத்தை, யாரும் மதிக்காத ஒரு இடத்தில் நானே கொண்டுபோய்ப் பூட்டிவிட்டேன். மேடம் அதற்கு மேல் திட்டவில்லை. "சரி, உட்காரு" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அடுத்த நாள் ஆனந்தரங்கப்பிள்ளை நூலகத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொண்டதை மூன்று வருடம் முன்பே கற்றிருக்க வேண்டும். ஐ.எஸ்.எஸ்.என். என்பது இதழுக்கு ஒரு அடையாள எண், அவ்வளவுதான். டெல்லியில் இருக்கும் மையம் அதை இலவசமாகவே தருகிறது, தரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இம்பாக்ட் ஃபேக்டர் என்று ஆய்வுலகம் சொல்வது, ஒரு இதழின் கட்டுரைகளை மற்றவர்கள் எவ்வளவு மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதை வைத்து கிளாரிவேட் நிறுவனம் வருடா வருடம் கணக்கிட்டு வெளியிடுவது. அதைப் போலவே காதில் விழும் பெயர்களில் யார் யாரோ எண் விற்கிறார்கள். ஆய்விதழ்களைத் தொகுத்து வைத்திருக்கும் ஸ்கோபஸ் என்ற தரவுத்தளத்தில் ஒரு இதழ் இருக்கிறதா என்று பார்க்க அதன் இதழ்ப் பட்டியலை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் தேடலாம். தேடும்போது அந்த இதழின் இணையதளத்தில் இருக்கும் இணைப்பைத் தட்டக் கூடாது, நாமே தனியாகப் போய்த் தேட வேண்டும். ஒவ்வொரு கட்டுரைக்கும் தனித்தனியாகக் கொடுக்கும் டி.ஓ.ஐ. என்ற அடையாள எண் போட்டிருந்தால் அதை டி.ஓ.ஐ. தளத்தில் இட்டுப் பார்க்க வேண்டும். என் கட்டுரையின் எண்ணை இட்டோம், அப்படி ஒன்று இல்லை என்று வந்தது. ஆசிரியர் குழுவில் இருந்த ஒரு பேராசிரியருக்கு மேடம் மின்னஞ்சல் அனுப்பினார். தன் பெயர் அங்கே இருப்பதே தனக்குத் தெரியாது என்று பதில் வந்தது.

கட்டுரையை எடுத்துவிடுங்கள் என்று எழுதினேன். நீக்கக் கட்டணம் 9,000 ரூபாய் என்றார்கள். அன்றிரவு தூக்கமே இல்லை. கட்டிவிடலாமா என்று ஆடிப்போயிருந்தேன். மேடம்தான் தடுத்தார். பணம் வாங்கிக்கொண்டு எடுக்கவில்லை என்றால் என்ன செய்வாய், யாரிடம் போய்ச் சொல்வாய் என்றார். நல்லவேளை, காப்புரிமையை மாற்றித் தரும் படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டு அனுப்பவில்லை. பிரிண்டர் இல்லாததால் தள்ளிப்போட்டது, அவர்களும் அதற்குக் காத்திருக்கவில்லை. அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு, கையெழுத்திட்ட உரிமை மாற்றம் எதுவும் இல்லை, இரண்டாவது ஆசிரியரின் சம்மதம் பெறப்படவில்லை, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம் என்று இருவரும் கையெழுத்துப் போட்டு மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்பினோம். செப்டம்பர் வரை மூன்று கடிதம். பதில் இல்லை. கட்டுரை இன்றும் அங்கேயேதான் இருக்கிறது. போலீசுக்குப் போகலாமா என்று ஒரு வக்கீல் அண்ணனைக் கேட்டேன். அவர்கள் விழா நடத்தினார்கள், கேடயம் கொடுத்தார்கள், நீயும் மேடை ஏறி வாங்கினாய், மோசடி என்று நிரூபிப்பது கஷ்டம் என்றார். விழாவே நடத்தாமல் ஓடிவிடுகிறவர்களும் உண்டு. அப்படி நடந்தால் இப்போது 1930 என்ற சைபர் குற்ற எண் இருக்கிறது, எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ அவ்வளவு நல்லது.

பணத்தைவிட எனக்குப் பெரிய அடி காலம்தான். மோதிரத்தைப் பதினோரு மாதத்தில் மீட்டோம், வட்டி 1,650 ரூபாய். எல்லாம் சேர்த்து என் மூன்று மாத உதவித்தொகை போனது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த அத்தியாயத்தைத் திரும்ப எழுப்ப வேண்டும் என்றால் புதிதாகத் தகவல் சேர்க்க வேண்டும். இந்த முறை வளைகளை எண்ணுவதோடு நிறுத்தாமல், அவற்றுக்குள் பாரிஸ் சாந்து ஊற்றி அச்சு எடுத்து ஆழமும் வடிவமும் அளப்பது என்று முடிவு செய்தோம். 2020 ஜனவரியில் தொடங்கினேன். மார்ச்சில் ஊரடங்கு. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் முள்ளோடையில் தடுப்பு போட்டுவிட்டார்கள், தேங்காய்த்திட்டுக்கு எப்படிப் போவது? அந்த வருடமே உதவித்தொகையின் நான்கு வருடமும் முடிந்தது. திருப்பாதிரிப்புலியூரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தேன். மறுபடி சேற்றில் இறங்கியது 2021ல். கட்டுரையை அனுப்பும்போது பழைய வெளியீட்டைப் பற்றி ஆசிரியருக்கான கடிதத்தில் ஒளிக்காமல் எழுதினோம், எங்கள் வாபஸ் கடிதங்களையும் இணைத்தோம். முதல் ஜர்னல் மறுத்தது. இரண்டாவது, புதிய தகவல் போதுமான அளவு இருக்கிறது என்று பரிசீலனைக்கு எடுத்துக்கொண்டு, 2022ல் வெளியிட்டது. பெண்களுக்கு ஆறு வருடத்துக்கு மேல் இரண்டு வருடம் கூடுதலாகக் கொடுக்கும் விதி இருந்ததால் தப்பித்தேன், அந்த டிசம்பரில் தீசிஸ் கொடுத்தேன். கூடச் சேர்ந்தவர்கள் அதற்குள் வேலையில் இருந்தார்கள்.

ஊரடங்கு நேரத்தில்தான் உண்மையான விருது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டேன். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2018ல் 'அவ்சர்' என்று ஒரு எழுத்துப் போட்டியைத் தொடங்கியிருந்தது. பி.எச்டி. மாணவர்கள் தங்கள் ஆய்வைச் சாதாரண மக்களுக்குப் புரியும்படி 1,500 சொற்களுக்குள் எழுத வேண்டியிருந்தது. முதல் பரிசு ஒரு லட்சம், இரண்டாவது 50,000, மூன்றாவது 25,000, அது போக நூறு பேருக்குத் தலா 10,000. அனுப்ப ஒரு பைசா கட்ட வேண்டியிருக்கவில்லை. எழுதுவது ஆய்வுக் கட்டுரையாகவும் இல்லை என்பதால் தகவல்கள் பூட்டிக்கொள்ளும் பயமும் இல்லை. ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத வேண்டும் என்றிருந்தது எனக்கு வருத்தம்தான். நான் முதலில் தமிழில் எழுதி அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "நண்டு வளை தோண்டலன்னா மரம் மூச்சு முட்டிடும்னு சொல்ற, அதை ஏன் மூணாவது பக்கத்துல சொல்ற?" என்று கேட்டார். முதல் வரிக்குக் கொண்டுவந்தேன். பிறகு ஆங்கிலத்தில் எழுதினேன். பரிசு கிடைக்கவில்லை. ஆனால் பின்னாளில் தீசிஸின் முன்னுரையை எழுத உட்கார்ந்தபோது அந்த 1,500 சொற்கள்தான் எனக்குக் கைகொடுத்தன. எழுத்துப் போட்டிகளுக்கு அனுப்புங்கள் என்று என் மாணவிகளை நான் விரட்டுவது இதனால்தான்.

நம் புதுச்சேரி பக்கத்துப் பிள்ளைகள் ராமன்-சார்பாக் பெல்லோஷிப்பையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். சர் சி.வி. ராமன், பிரான்சின் ஜார்ஜ் சார்பாக் என்ற இரண்டு நோபல் அறிஞர்களின் பெயரில் 2013ல் தொடங்கியது. பி.எச்டி. செய்கிறவர்கள் சில மாதம் பிரெஞ்சு ஆய்வகத்தில் போய் வேலை செய்யலாம். அமெரிக்கா என்றால் ஃபுல்பிரைட்-நேரு முனைவர் பட்ட ஆய்வு பெல்லோஷிப். இவை எதுவும் தானாக மின்னஞ்சலில் தேடி வராது. நாம்தான் தேடிப் போக வேண்டும், அழைப்புக் கடிதம் வாங்க வேண்டும், பரிந்துரை வாங்க வேண்டும், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பணம் என்ற வார்த்தையைக் கேட்டாலே பிள்ளைகள் ஓடுவார்கள். நல்ல கருத்தரங்குக்கும் பதிவுக் கட்டணம் உண்டு, அங்கே சிறந்த கட்டுரைக்குப் பரிசும் கொடுப்பார்கள். அந்தக் கட்டணம் வருகிற எல்லோருக்கும், பரிசு வாங்குகிறவருக்கு மட்டும் கிடையாது. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கக்கூடிய தரமான திறந்தநிலை ஜர்னல்களிலும் பல, வெளியீட்டுக் கட்டணம் வாங்குகின்றன. ஆனால் அது நிபுணர்கள் படித்து, கேள்வி கேட்டு, நாம் திருத்தி, ஏற்றுக்கொண்ட பிறகு. 'நீ ஜெயித்துவிட்டாய், பணம் கட்டு' என்று யார் சொன்னாலும் அங்கேயே நிறுத்துங்கள். போன வருடம் வாங்கியவர்களில் இரண்டு பேரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். நடுவர்கள் யார் என்று கேளுங்கள். கைடிடம் காட்ட வெட்கமாக இருக்கிறதா, அப்போதே பாதி தெரிந்துவிட்டது. நான் மேடத்துக்குச் சொல்லாமல் செய்ததற்குக் காரணம், விருதோடு போய் நின்று அவரை ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று ஆசைப்பட்டதுதான்.

அப்பாவிடம் 2019 தீபாவளிக்குப் பிறகுதான் சொன்னேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்த ஹாலுல எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்துச்சு பாப்பா. உன் முகத்தப் பாத்துட்டுச் சும்மா இருந்துட்டேன்" என்றார். இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் வாயை மூடிக்கொண்டு ரயிலில் திரும்பி வந்திருக்கிறோம்.

இப்போது நிலைமை இன்னும் சிக்கல். கட்டுரை கட்டாயம் என்பதை 2022 விதிமுறை எடுத்துவிட்டது, அது நிம்மதி. ஆனால் நல்ல ஜர்னல்களைத் தேர்ந்து சொல்லிக்கொண்டிருந்த கேர் பட்டியலை 2025 பிப்ரவரியில் யு.ஜி.சி. நிறுத்திவிட்டது. இனி அந்தந்தக் கல்வி நிறுவனமும் ஆய்வாளரும்தான் பார்த்து முடிவு செய்ய வேண்டும். முதல் தலைமுறையாக ஆய்வுக்கு வரும் பிள்ளைக்கு வீட்டில் யார் சொல்லித் தருவார்கள்?

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் இருந்தால், முதலில் கைடிடம் சொல்லிவிடுங்கள், அவர் வேறு இடத்திலிருந்து தெரிந்துகொள்வதற்கு முன்னால். மின்னஞ்சல், பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், இணையதளத்தின் படம் எல்லாவற்றையும் சேமித்து வையுங்கள். உரிமைப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். நீக்கக் கட்டணம் கட்டாதீர்கள். வாபஸ் கடிதத்தைத் தேதியோடு அனுப்பி நகல் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நல்ல ஜர்னலிடம் காட்ட அது ஒன்றுதான் இருக்கும். பயோடேட்டாவில் அந்த விருதைப் போடாதீர்கள், நேர்காணலில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்தப் பெயர்கள் எல்லாம் தெரியும். நாங்கள் எழுதிய வாபஸ் கடிதத்தில் பெயர்களை எடுத்துவிட்டு ஒரு மாதிரி செய்து வைத்திருக்கிறேன். போன மாதம் வந்த பெண்ணுக்கு அது தேவைப்படவில்லை, 1,000 ரூபாயோடு நின்றுவிட்டாள். அவளுடைய அறைத்தோழி 4,000 கட்டிக் கட்டுரையும் கொடுத்துவிட்டாளாம். அவளை இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.